ஏஆர்-15 துப்பாக்கியில் பெரிய போர் (குழல் துளையின் விட்டம்): .450, .458, .50 மூன்றில் எது காசுக்குத் தகும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்றில் காசுக்குத் தகுவது .450 புஷ்மாஸ்டர். அதையும் பெரும்பாலானவர்கள் ஏஆர்-15 போன்ற செமி ஆட்டோவில், அதாவது ஒரு குண்டு போனதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் துப்பாக்கியில், வாங்க வேண்டியதில்லை. கையால் போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் உருளை) இழுத்துத் தள்ளும் சாதாரண ரைபிளில் வாங்கினால் போதும். .458 சோகாம் நல்ல தோட்டாதான், ஆனால் காலி உறையில் தானே மருந்து அடைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு மட்டும். .50 பேவுல்ஃப் கையில் எடுத்துப் பார்க்கப் பிரமாதம். வைத்துத் தீனி போடுவதுதான் கஷ்டம்.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மோட்டார்த் தொழில் கற்றுக்கொண்டு, டெட்ராய்ட் பக்கம் போய்க் குடும்பத்தோடு தங்கிவிட்டவர்கள் வடசென்னையில் உண்டு. மிச்சிகனில் நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம். கூட வேலை செய்கிறவர்கள் கூப்பிட, முதல் துப்பாக்கி வாங்கும் எண்ணம் வருகிறது. கடையில் ஏஆர்-15 வடிவத் துப்பாக்கி, பக்கத்தில் கைவிரல் தடிமனுக்கு ஒரு தோட்டா. படம் எடுத்து ஊருக்கு அனுப்பினால், "இன்னாபா இது, அந்தத் துப்பாக்கியில இவ்ளோ பெரிய தோட்டாவா?" என்று தண்டையார்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர்தான் முதலில் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான் அது. பதிலையும் பட்டறை மொழியிலேயே சொல்லலாம்.

ஏஆர்-15இல் மேகசின் செருகும் வாயின் நீளம் மாறாதது. அதற்குள் நிற்க வேண்டுமானால், உறையும் அதன் வாயில் செருகிய குண்டும் சேர்ந்த தோட்டாவின் மொத்த நீளம் 2.26 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, அதாவது சுமார் 57 மில்லிமீட்டர். நீளத்தைக் கூட்ட வழியில்லை என்றால் பலத்தைக் கூட்ட விட்டத்தைத்தான் கூட்ட வேண்டும். திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது பழகிய கணக்கு. பழைய ராயல் என்ஃபீல்ட் புல்லட் 350க்கு போர் 70, ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். 500க்கு ஸ்ட்ரோக் அதே 90, போர் மட்டும் 84. ஓட்டம் நீளவில்லை, வாய்தான் அகன்றது. இங்கேயும் அதேதான்: ஏஆர்-15இன் வழக்கமான தோட்டாவான 5.56இல் குண்டின் விட்டம் 5.7 மில்லிமீட்டர், .450இல் 11.5, .458இல் 11.6, பேவுல்ஃபில் 12.7. துப்பாக்கியின் கீழ்ப்பாதியும் சுடும் விசையும் கட்டையும் அப்படியே இருக்கும். இரண்டு பின்னைத் தட்டி எடுத்தால் மேல்பாதி கழன்று வரும். வேறு மேல்பாதியை வைத்துப் பின்னைத் தள்ளினால் வேலை முடிந்தது. சந்தையில் இதற்கு இருக்கும் முதல் கவர்ச்சி இதுதான். இன்னொரு துப்பாக்கி வாங்காமல் இன்னொரு துப்பாக்கி கிடைக்கிறது.

போரைக் கூட்டினால் சுமை எங்கே போய் உட்காரும் என்று பட்டறைக்காரர் உடனே கேட்பார். எஞ்சினில் பிக் எண்ட் பேரிங்கில் உட்காரும். இங்கே போல்ட்டின் பற்களில் உட்காரும். ஏஆர்-15 போல்ட்டில் ஏழு பூட்டுப் பற்கள். எட்டாவது இடத்தில் எக்ஸ்ட்ராக்டர், காலி உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி. வெடிக்கும்போது உறை பின்னால் தள்ளும் விசையை இந்த ஏழும் தாங்க வேண்டும். விசை என்பது அழுத்தம் பெருக்கல் பரப்பளவு. 5.56 உறையோடு ஒரே அளவுள்ள .223க்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு, உறையின் அடிவிட்டம் 0.376 அங்குலம். பெருக்கினால் சுமார் 2,770 கிலோ. .450க்கு அழுத்தம் 38,500தான், ஆனால் அடிவிட்டம் 0.500, விசை 3,430 கிலோ. .458க்கு அழுத்தம் 35,000, அடிவிட்டம் 0.541, விசை 3,650 கிலோ. வெளிவிட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் உண்மை எண்கள் இதைவிடக் குறைவு. ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். அழுத்தம் குறைவு என்று விளம்பரத்தில் படித்துவிட்டு, போல்ட்டுக்கு வேலை குறைவு என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

இன்னொரு இடமும் பலவீனமாகிறது. 5.56 போல்ட் முகத்தில் உறையின் விளிம்பு உட்காரும் குழியின் விட்டம் 0.378 அங்குலம். .450க்கும் .458க்கும் அதை 0.473 ஆக அகட்ட வேண்டும். பக்கத்துக்கு 1.2 மில்லிமீட்டர் இரும்பு போய்விடுகிறது. இவ்வளவோடு நின்றதற்கே ஒரு தந்திரம் காரணம்: இந்த மூன்று உறைகளிலும் விளிம்பு உடம்பைவிடச் சிறியது. உடம்பு பருத்திருக்கும், அடியில் மட்டும் உள்ளே கடைந்திருக்கும். பேவுல்ஃபில் விளிம்பை ஏகே துப்பாக்கியின் 7.62×39 அளவுக்கே, 0.445 அங்குலத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். அதனால் அந்தத் தோட்டாவுக்கு ஏற்கெனவே சந்தையில் இருந்த போல்ட் அளவு இதற்கும் பொருந்துகிறது. உறை தடிமன், கொக்கி பிடிக்கும் விளிம்பு ஒல்லி. அழுக்கு சேர்ந்து உறை சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) ஒட்டிக்கொண்டால் கொக்கி வழுக்கிவிடும். இந்த வகைத் துப்பாக்கிகளில் சேம்பர் சுத்தம் 5.56ஐவிட முக்கியமாவது இதனால்தான்.

போல்ட்டைப் பரிசோதிக்க வேண்டிய இடம் கொக்கியின் இரு பக்கத்திலும் உள்ள பற்களின் அடி. விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். நல்ல வெளிச்சத்தில், எண்ணெய் துடைத்து, உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். மயிரிழை தெரிந்தால் போல்ட்டை மாற்றிவிடுங்கள், வெல்டிங் யோசனையே வேண்டாம். பெரிய போர் மேல்பாதி வாங்கும்போதே கூடுதலாக ஒரு முழு போல்ட், ஒரு எக்ஸ்ட்ராக்டர், அதன் ஸ்பிரிங் வாங்கி வைப்பது நல்லது. இது எல்லாக் கடையிலும் கிடைக்கும் சாமான் இல்லை.

மூன்றும் பிறந்த கதை அவற்றின் இன்றைய விற்பனையைப் புரியவைக்கும். 1993இல் சோமாலியாவின் மொகதிசுவில் நடந்த சண்டைக்குப் பிறகு, ஒரே ஆளைப் பலமுறை சுட வேண்டியிருந்தது என்ற குறை எழுந்தது. அந்தக் குறையிலிருந்து மார்ட்டி டெர் வீமே .458 சோகாமை உருவாக்கினார். .50 ஆக்ஷன் எக்ஸ்பிரஸ் கைத்துப்பாக்கித் தோட்டாவின் உறையை நீட்டி, வாயைச் சற்றே குறுக்கிச் செய்தது. பில் அலெக்சாண்டர் வர்ஜினியாவில் செய்த பேவுல்ஃப், சோதனைச் சாவடியில் வரும் வண்டியை நிறுத்தவும் ஆகும் என்று சொல்லி விற்கப்பட்டது. .450 வேறு வழியில் வந்தது. செமி ஆட்டோவில் .44க்குக் குறையாத போர் வேண்டும், 250 கஜத்தில் பெரிய மிருகத்தை ஒரே குண்டில் வீழ்த்த வேண்டும் என்று துப்பாக்கி எழுத்தாளர் ஜெஃப் கூப்பர் நெடுநாள் எழுதிவந்தார். டிம் லெஜென்ட்ரே அதை .45 புரொஃபஷனல் என்ற பெயரில் செய்துகாட்டினார். ஹார்னடி என்ற தோட்டா நிறுவனம் தன் கூர்முனைக் குண்டு மேகசினில் அடங்குவதற்காக உறையை 1.700 அங்குலத்துக்குக் குறைத்தது. 2007இல் .450 புஷ்மாஸ்டர் கடைக்கு வந்தது.

பலத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. .450இல் 250 கிரெய்ன் (சுமார் 16 கிராம்) எடைக் குண்டு வினாடிக்கு 670 மீட்டர் போகிறது, சுமார் 3,600 ஜூல். .458இல் 300 கிரெய்ன் குண்டு 580 மீட்டர், சுமார் 3,250 ஜூல். 5.56இன் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் மூன்றுமே தாராளம். அப்படியிருந்தும் .450 எந்தப் பெரிய விளையாட்டுச் சாமான் கடையிலும் அடுக்கியிருக்கிறது, மற்ற இரண்டையும் தேடித்தான் வாங்க வேண்டும். காரணம் ஜூல் கணக்கில் இல்லை. சட்டத்தில் இருக்கிறது.

மக்கள் நெருக்கமாக வாழும் தட்டை நிலங்களில் தூரம் போகும் ரைபிள் குண்டை மான் வேட்டைக்கு அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்கள் பல நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. தென் மிச்சிகனில் நெடுங்காலம் ஷாட்கன்தான். 2014இல் அங்கே ஒரு வாசலைத் திறந்தார்கள்: உறை நேர்ச்சுவராக இருக்க வேண்டும், .35 அல்லது அதற்கு மேல் போர், உறை நீளம் 1.16 முதல் 1.80 அங்குலத்துக்குள். .450இன் 1.700 அங்குல நேர்ச்சுவர் உறை அந்த வாசலில் அளவெடுத்துத் தைத்ததுபோல் நுழைந்தது. சோகாமுக்கு வாயருகே ஒரு சின்னத் தோள்பட்டை உண்டு. அந்தத் தோள்பட்டை ஒன்றே அதை வெளியே நிறுத்திவிட்டது. தோட்டாவாகப் பார்த்தால் சோகாம்தான் நேர்த்தியான வேலை: தோளில் உட்காருவதால் சேம்பரில் உறுதியாக நிற்கும், சாதாரண 5.56 மேகசினில் மாற்றம் எதுவும் செய்யாமல் ஏறும், 30 தோட்டா மேகசினில் 10 பிடிக்கும். இத்தனை நல்லது இருந்தும் சந்தை .450 பக்கம் போனது. சட்டப்புத்தகத்தின் ஒரு வரி, பொறியாளரின் இருபது நல்ல முடிவுகளைவிட அதிகம் விற்றுக்கொடுத்தது.

நம் நாட்டுக்கு இது புதிதில்லை. இந்தியாவுக்கும் சூடானுக்கும் .450 போர் தோட்டா வருவதை 1907இல் பிரிட்டிஷ் அரசு தடுத்தது. கிளர்ச்சிக்காரர்கள் கையில் இருந்த மார்ட்டினி ஹென்றி ராணுவ ரைபிளின் போரும் அதுவே என்பது காரணம். உடனே லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .465, .470, .475, .476 என்று வரிசையாகப் புது அளவுகளைக் கொண்டுவந்தார்கள். யானை வேட்டைக்கு .470இல் அப்படி ஒன்றும் தனி மகிமை இல்லை. துறைமுகச் சட்டத்தைத் தாண்டிவந்த அளவு, அவ்வளவுதான். இன்றும் இந்தியாவில் உரிமம் உள்ளவர்கள் கையில் இருக்கும் .315 ரைபிளும் இந்த வம்சம். ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்றதால், ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டா இங்கே .315 என்ற பெயரில் நிலைத்தது. இஷாப்பூர் தொழிற்சாலை அந்த ரைபிளைச் செய்துவந்தது. விசித்திரமான போர் ஒன்று நன்றாக விற்கிறது என்றால், அதற்குப் பின்னால் எந்தச் சட்டம் இருக்கிறது என்று முதலில் தேடுவதே சரி.

இதிலிருந்தே .450இன் ஆபத்தும் தெரிகிறது. சட்டம் தளர்ந்தால் தேவை வடியும். புதுப் போட்டியாளர்களும் அதே வாசலில் நுழைகிறார்கள். வின்செஸ்டர் 2019இல் .350 லெஜண்டைக் கொண்டுவந்தது. விளிம்பு 0.378 அங்குலம், 5.56 போல்ட்டே போதும், உதை பாதிக்கும் குறைவு. இளம் பிள்ளைகளுக்கும் மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் மான் வேட்டைக்கு அதைத்தான் சொல்வோம். மேகசின் மட்டும் அதற்கென்று தனியாக வாங்க வேண்டும், 5.56 மேகசினில் ஏற்றினால் முதல் இரண்டு மூன்று போகும், பிறகு சிக்கும். விதிகளோ வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. அந்த ஆண்டின் வேட்டைக் கையேட்டைப் படிக்காமல் கடைக்காரர் சொல்லை நம்பி வாங்கக்கூடாது. இல்லினாய் மாநிலத்தில் 2023இல் நேர்ச்சுவர்த் தோட்டாவை அனுமதித்தார்கள், ஆனால் ஒற்றைத் தோட்டா ரைபிளில் மட்டும். செமி ஆட்டோ அங்கே செல்லாது. மிச்சிகனில் செமி ஆட்டோவோடு வேட்டைக்குப் போனால் சேம்பரும் மேகசினும் சேர்த்து ஆறு தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. பெட்டியோடு வரும் பெரிய மேகசினை வீட்டில் வைத்துவிட்டு ஐந்து தோட்டா மேகசினை எடுத்துப் போக வேண்டும்.

இனி கையில் பிடித்துச் சுடும்போது வரும் தொந்தரவுகள்.

.450ஐ வாங்கியவர்களின் முதல் புகார், ஊசி தட்டியும் வெடிக்கவில்லை என்பது. பழி துப்பாக்கி மேல் விழும், தவறு பெரும்பாலும் தோட்டாவில் இருக்கும். தோள்பட்டை இல்லாத நேர்ச்சுவர் உறை, சேம்பரில் தன் வாய்விளிம்பை முட்டுக்கொடுத்துத்தான் நிற்கிறது. வீட்டில் மருந்து அடைப்பவர்கள் ரிவால்வர் தோட்டா பழக்கத்தில் வாயை உள்ளே சுருட்டி மடக்கிவிட்டால் முட்ட விளிம்பே இருக்காது. தோட்டா முன்னால் நழுவிவிடும், ஊசி எட்டாமல் லேசாகத் தொடும். மடக்கவே கூடாது, வாயை மெல்ல நேராக இறுக்கும் டை (அச்சு) மட்டும் போட வேண்டும். உறையை அளவுக்கு மீறி வெட்டிக் குட்டையாக்கினாலும் இதே கோளாறு வரும். வெர்னியரில் ஒவ்வொரு உறையின் நீளத்தையும் பார்ப்பது இங்கே கட்டாயம். உறையின் அடியில் ஊசி தட்டித் தீப்பொறி தரும் பிரைமர் இதில் சிறிய ரைபிள் பிரைமர் என்பதையும் கவனிக்க வேண்டும். இவ்வளவு பெரிய உறைக்குப் பெரிய பிரைமர்தான் இருக்கும் என்று வாங்கிவந்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

இறுக்கம் போதாவிட்டால் வேறு தொந்தரவு. உதையில் மேகசினுக்குள் இருக்கும் தோட்டாக்கள் முன்சுவரில் மோதி, குண்டு உறைக்குள் இறங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். சோதனை எளிது: ஐந்தாவது தோட்டாவின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு நான்கைச் சுடுங்கள், ஐந்தாவதை எடுத்துத் திரும்ப அளந்து பாருங்கள். நீளம் குறைந்திருந்தால் அந்தத் தொகுதியைச் சுடக்கூடாது.

குண்டுத் தேர்விலும் ஒரு பொறி இருக்கிறது. .450க்கும் .45 கோல்ட் ரிவால்வருக்கும் குண்டு விட்டம் ஒன்றே, 0.452 அங்குலம். ரிவால்வர் குண்டு மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் செப்பு உறை ரிவால்வர் வேகத்துக்குச் செய்தது. இரண்டு மடங்குக்கும் மேல் வேகம் கொடுத்தால் தோலிலேயே சிதறி, ஆழமாகப் போகாது. காகித இலக்குக்கு அது சரி, மிருகத்தின் மேல் பயன்படுத்துவது பாவம். .458க்கு இந்தப் பிரச்சினை தலைகீழ். .45-70 போன்ற பெரிய ரைபிள்களின் 0.458 குண்டுகள் ஏராளம், அவற்றில் யானைக்கும் எருமைக்கும் செய்தவை இந்த வேகத்தில் விரியவே விரியாது. பார்ன்ஸ் நிறுவனம் இந்தத் தோட்டாவுக்கென்றே செய்த 300 கிரெய்ன் செப்புக் குண்டு நல்லது.

மேகசினைப் பொறுத்தவரை .450க்குச் சாதாரண 5.56 உடலில் தோட்டாவை ஒற்றை வரிசையில் மேலே தள்ளும் தள்ளுபலகை போட வேண்டும். அதற்கென்று விற்கும் மேகசினையே வாங்கிவிடுவது நிம்மதி. தோட்டா மூக்கு மேலே தூக்கி நின்று சிக்கினால் மேகசினின் உதடுகளைப் பாருங்கள். நிமிர்த்தி வளைத்துச் சரிசெய்ய முயலாமல் மாற்றிவிடுங்கள். பேவுல்ஃபின் உறை தடிமனானதால் அதன் மேல்பாதியில் காலி உறை வெளியேறும் ஜன்னலைச் சற்று அகலமாக வெட்டியிருப்பார்கள். சாதாரண மேல்பாதியில் அதன் குழலை மட்டும் மாட்டிப் பார்க்கும் யோசனை வேண்டாம்.

வாயு அமைப்புக்கு, அதாவது வெடித்த வாயுவில் கொஞ்சத்தை எடுத்துப் போல்ட்டைப் பின்னால் தள்ளும் ஏற்பாட்டுக்கு, வருவோம். குழல் அகலமானதால் குண்டு நகர நகர அழுத்தம் சீக்கிரம் விழுந்துவிடுகிறது. வாயு எடுக்கும் துளையைச் சேம்பருக்கு அருகே வைத்துப் பெரிதாகத் துளைக்கிறார்கள். முழு வேகத் தோட்டாவுக்கு அது பொருந்தும். சத்தம் குறைந்த, மெதுவான தோட்டா போட்டால் போல்ட் பாதியில் நின்றுவிடும். மெதுவான தோட்டாவுக்கு ஏற்பத் திறந்துவிட்டால், முழு வேகத்தில் போல்ட் பின்சுவரில் போய் அடிக்கும். வாயுவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கேஸ் பிளாக் போடுவதுதான் தீர்வு. முழுக்க மூடிவிட்டு, மேகசினில் ஒரே ஒரு தோட்டா வைத்துச் சுட வேண்டும். போல்ட் பின்னால் பூட்டி நிற்கவில்லை என்றால் ஒரு கிளிக் திறக்க வேண்டும். பூட்டி நிற்கும் வரை இப்படியே. நின்ற பிறகு குளிருக்கும் அழுக்குக்கும் சேர்த்து இன்னும் ஒன்றிரண்டு கிளிக். போல்ட்டின் பின்னோட்டத்தைத் தாங்கும் பஃபரைக் கனமாகப் போட்டால் உதை மென்மையாகும்.

உதையைப் பற்றிக் கடைகளில் உண்மையைச் சொல்வதில்லை. மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த துப்பாக்கியில் .450இன் உதை, தோராயக் கணக்கில், 5.56இன் ஆறு மடங்கு. பன்னிரண்டு போர் ஷாட்கன் சுட்டுப் பழகியவருக்கு அது பழகிய அடி. ஏஆர்-15 என்றாலே மென்மை என்று எண்ணி வாங்கியவர் இரண்டாவது மேகசினில் கண்ணை மூடிக்கொண்டு சுடுவார், குறி அங்கேயே கெட்டுவிடும். குழல்முனையில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் மாட்டினால் உதை குறையும், சத்தம் பக்கவாட்டில் நிற்பவரின் காதைப் பிளக்கும். காதடைப்பும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்துப் போட வேண்டும்.

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். .30 போர் சைலன்சர்களின் பொதுவான மரை 5/8-24. பெரிய நிறுவனங்கள் பலவும் .450 குழல்முனையில் 11/16-24 என்று வேறு மரை வெட்டுகின்றன, .30 சைலன்சர் ஏறக்கூடாது என்பதற்காகவே. மலிவுக் குழல்கள் சிலவற்றில் 5/8-24 வெட்டியிருக்கும். அதில் .30 சைலன்சர் அழகாக ஏறும், இறுகும். பதினொன்றரை மில்லிமீட்டர் குண்டு எட்டு மில்லிமீட்டர் சொச்சத் துளையில் போய் மோதும்போது சைலன்சர் சிதறும், பிடித்திருக்கும் கையும் போகலாம். மேல்பாதி வாங்கும்போது மரை அளவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தூரம் இந்தத் தோட்டாக்களின் பலம் கிடையாது. குண்டு தடித்துக் குட்டையானது, காற்றைக் கிழிக்காது. .450 புறப்பட்டது 670 மீட்டர் வேகத்தில் என்றால் 200 கஜத்தில் 460 சொச்சம். அதற்கப்பால் விழும் வளைவு செங்குத்தாகிறது. தூரத்தை இருபது கஜம் தப்பாகக் கணித்தாலே மிருகம் காயத்தோடு ஓடும். மரமடர்ந்த காட்டில், சோளக்காட்டு ஓரத்தில், 150 கஜத்துக்குள் நிற்கும் மானுக்கு இது அருமையான தோட்டா. திறந்தவெளிக்கு வேறு துப்பாக்கி வேண்டும்.

செலவைப் பார்த்தால், .450 தோட்டா ஒன்றுக்கு 5.56இன் மூன்று நான்கு மடங்கு விலை. சோகாமும் பேவுல்ஃபும் அதற்கும் மேல். பேவுல்ஃபுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு: பெயர் அலெக்சாண்டர் ஆர்ம்ஸின் வணிகக்குறி. மற்றவர்கள் 12.7×42 என்று பெயர் போட்டு விற்கிறார்கள், விவரம் தெரியாதவர் அலமாரி முன் குழம்புகிறார். அதே நிறுவனத்தின் 6.5 கிரெண்டல், பெயருரிமையை விட்டுக்கொடுத்த பிறகுதான் பல கம்பெனிகளிடம் பரவியது. பேவுல்ஃபையும் அப்படி விட்டிருந்தால் இன்று அதன் நிலை வேறாக இருந்திருக்கும். .450 பக்கம் பாருங்கள்: புஷ்மாஸ்டர் பிராண்டை வைத்திருந்த ரெமிங்டன் குழுமம் 2020இல் திவாலாகிப் பிராண்டு கைமாறியது, தோட்டா துளியும் அசையவில்லை. அதற்குள் அது பல கம்பெனிகளின் பொதுச் சொத்தாகியிருந்தது.

அதைப் பொதுச் சொத்தாக்கியதில் பெரும் பங்கு ரூகர் என்ற துப்பாக்கி நிறுவனத்துக்கு. 2017இல் ரூகர் தன் அமெரிக்கன் ராஞ்ச் என்ற மலிவான போல்ட் ரைபிளை .450இல் கொண்டுவந்தது. செமி ஆட்டோவுக்கென்றே பிறந்த தோட்டா, போல்ட் ரைபிளில்தான் சாதாரண வேட்டைக்காரர் வீட்டுக்குள் போனது. மேலே சொன்ன வாயு, பஃபர், ஒல்லிக் கொக்கி, ஏழு பல் பயம் எதுவும் அதில் இல்லை. மெதுவான தோட்டாவும் முழு வேகமும் ஒரே துப்பாக்கியில் ஓடும். மான் வேட்டையில் இரண்டாவது குண்டுக்கு வாய்ப்பே அரிது. ஆகவே முதல் துப்பாக்கி வாங்கும் மிச்சிகன் தமிழருக்கு எங்கள் பரிந்துரை போல்ட் ரைபிள். ஏற்கெனவே ஏஆர்-15 வைத்திருப்பவர், பன்றிக்கூட்டத்தைச் சுட வேண்டிய பண்ணைக்காரர், இவர்களுக்கு .450 மேல்பாதி நியாயமான செலவு. பழைய மேல்பாதி வாங்கினால் கோ, நோ-கோ கேஜ் போட்டு ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) பார்க்காமல் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், துப்பாக்கி வீட்டில் இருப்பதே குற்றமாகும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. "மச்சான் பேர்ல வாங்கிக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். வேறொருவருக்காக என்பதை மறைத்து, தனக்கென்று படிவத்தில் கையெழுத்துப் போடுவது அங்கே சிறைத் தண்டனைக்குரிய குற்றம், குடியேற்ற வாய்ப்பும் அதோடு முடியும்.

ஊரில் இந்த மூன்றில் எதற்கான ஏஆர்-15ஐயும் சாதாரண உரிமத்தில் வாங்க முடியாது. குண்டு சுடும் செமி ஆட்டோ ரைபிள் இங்கே தடை செய்யப்பட்ட வகை. .315, .30-06 போல்ட் ரைபிள்கள், பன்னிரண்டு போர் போன்றவைதான் உரிமத்தில் கிடைப்பவை.

பொங்கலுக்கு ஊர் வருகிறவர்கள் ஒன்றைச் செய்ய வேண்டும். சுடும் இடத்துக்கு எடுத்துப் போகும் பையை, ஜாக்கெட்டை, விமானத்தில் கொண்டுவரவே கூடாது. வேறு பை இல்லை என்றால், எல்லா ஜிப்பையும் திறந்து, உள்துணியைப் புரட்டி, தரையில் கவிழ்த்துத் தட்ட வேண்டும். ஒரே ஒரு தோட்டா அடியில் கிடந்தாலும் மீனம்பாக்கத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். தெரியாமல் வந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம், நீதிமன்றங்கள் ஏற்றதும் உண்டு, ஆனால் அதுவரை விடுமுறையும் பாஸ்போர்ட்டும் சிக்கிக்கொள்ளும். பித்தளைக் காலி உறையைப் பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்துவருவதும் வேண்டாம். எக்ஸ்ரேயில் அதன் உருவம் தெரிந்தாலே பையைத் திறந்து உட்காரவைத்துவிடுவார்கள்.